கயிற்றில் கை வைத்தவன்

ஆலங்குடாவிலிருந்து பெரிய வீதிக்கு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, கட்டார் ஆஸ்பத்திரியில் தந்த கடிதம். எங்கள் பக்கத்தில் வழியில் ஒருவரைக் கண்டால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதுதான் வழக்கம். அன்று என்னைக் கண்ட மூன்று பேரும் அதைக் கேட்கவில்லை. "நெஞ்சு எப்படி?" என்றார்கள். சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் போனவர் நிற்காமலே கேட்டார். கடைவாசலில் பாண் வாங்கிக்கொண்டு நின்ற பெண் முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார். மூன்றாமவர் முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இறக்கி, என் முகத்தைப் பார்க்காமல் சேட்டுப் பொத்தானைப் பார்த்துக் கேட்டார். மூவருக்கும் "இருக்கு" என்று சொன்னேன். யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது.

பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி போடத் தொடங்கிய நாட்கள் அவை. பெரியவர்கள் முன்னமே போட்டுக்கொண்டார்கள், அதில் பெரிய சண்டை வரவில்லை. பிள்ளைகள் என்றதும் ஊர் இரண்டாக நின்றது. அடுத்த நாள் காலையில் பாடசாலைக்கு ஊசியோடு வருவதாக இருந்தது. பெற்றோர் கையொப்பம் வைத்த கடதாசி இல்லாமல் போட மாட்டார்கள். அன்று பின்னேரம் அதற்காகக் கூடிய கூட்டத்தில் பாதியில் எழும்பி, வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பஸ் பிடித்துப் பாலாவிக்குப் போய் லொறியில் உப்பு மூட்டை ஏற்றுவது என் திட்டம். டொக்டர் பாரம் தூக்காதே என்று சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு கிழமை இருந்தது. மூட்டையைத் தூக்கினால் நெஞ்சு தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும், எல்லோருக்கும் ஒரே நாளில் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அது நல்ல யோசனை அல்ல. ஆனால் அன்று பின்னேரம் என்னிடம் இருந்த யோசனை அது ஒன்றுதான்.

நான் வேலை செய்த தோஹாவில் இப்படி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு இது தெரியும். ஒருநாள் விடிய பஸ் வந்தது. நாற்பது பேரை ஏற்றியது. விளையாட்டு மைதானம் அளவு மண்டபம், தரையில் அம்புக்குறிகள். அம்பு போன வழியே போனோம், ஒரு இடத்தில் கையைக் காட்டினோம், ஒரு இடத்தில் கால்மணி நேரம் இருந்தோம், திரும்பப் பஸ்ஸில் ஏறினோம். ஊசி நல்லதா கெட்டதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்று அந்த நாட்டில் ஆறு வருடமாக எவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு விசயத்தில் அது வசதியாகவே இருந்தது. அதோடு நான் போட விரும்பினேன். என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் பிகாஷ் என்ற நேபாளப் பொடியன் படுத்திருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், சீமெந்துப் பையை ஒற்றைக் கையால் புரட்டுவான். எங்களுக்கு ஊசி வருவதற்கு முன் அவனுக்குக் கொரோனா வந்தது. ஆறு நாள் இருமினான். ஏழாம் நாள் அம்புலன்சில் ஏற்றினார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போக மறந்துவிட்டான். அவன் திரும்பி வரவில்லை. செருப்பு நாலு மாதம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது, பிறகு யாரோ போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாவது ஊசி போட்ட மூன்றாம் நாள் எனக்கு நெஞ்சு வலித்தது. படுத்தால் கூடியது, குனிந்து இருந்தால் குறைந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பிலிப்பைன்ஸ் தாதி வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். வலிக்குப் புள்ளி போடுவதை அன்றுதான் கேள்விப்பட்டேன். நான் ஒன்பதாம் ஆண்டு வரை படித்தவன், எந்தப் பாடத்திலும் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியதில்லை. கூடப் போட்டால் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. நாலு என்றேன். அவள் ஓரத்துக் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னாள். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனார்கள். ஏழு, எட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்தபின் ஒரு சூடான் டொக்டர் அவசரமாக வந்தார். கடதாசியில் இதயத்தைப் போல ஒன்றைக் கீறி, அதைச் சுற்றித் தடித்த கோடு போட்டுக் காட்டினார். வீங்கியிருக்கிறது, இது இளம் ஆண்களுக்கு எப்போதாவது ஒருவருக்கு வருகிறது, ஊசியால்தான் வந்திருக்கும், பெரும்பாலும் மாறிவிடும், கொரோனா வந்தாலும் இதயம் வீங்கும், அப்போது இதைவிடக் கூடுதலாக வீங்கும் என்றார். மூன்று மாதம் ஓட்டமும் பாரமும் வேண்டாம் என்று கடிதம் தந்தார். அந்தக் கடிதத்தை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். பாரம் தூக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார். பத்து நாளில் அனுப்பிவிட்டார்கள்.

வந்து இறங்கிய இடம் ஆலங்குடா, என் அக்கா பௌசியா ராத்தாவின் வீடு. மச்சான் குவைத்தில் சாரதி. வீட்டில் ராத்தாவும் மகள் சப்னாவும்தான். சப்னாவுக்குப் பதினேழு வயது. சின்னதிலிருந்தே முட்டு வருத்தம். காற்று மாறினால் நெஞ்சு விசிலடிக்கும். அதற்கு முந்தின வருடம் மூச்சு எடுக்க முடியாமல் புத்தளம் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டியபோது எங்கள் குடும்பம் வள்ளத்தில் வந்தது. நான் பிறந்தது இங்கே, ஓலைக் கொட்டிலில். விரட்டப்பட்டு முப்பது வருடம் தாண்டிவிட்டது, இன்னும் ஊரில் சிலருக்கு நாங்கள் அகதிகள்தான். எங்கள் அடையாள அட்டைகளில் மன்னார் முகவரி. வாக்கும் அங்கேதான். கட்டாரில் என்னைச் சிறீலங்கா என்றார்கள், அது சுருக்கமாக இருந்தது.

கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையைக் கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள். இழுத்தவர்களுக்கு மீனில் பங்கு உண்டு. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஹனீபா ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "வந்து கை வை. இழுக்காத. சும்மா வை" என்றார். சுகமில்லாமல் வீட்டில் இருக்கிறவன் சும்மா மீன் வாங்கக் கூச்சப்படுவான் என்பதால் அந்தக் கரையில் அப்படி ஒரு வழக்கம். கயிற்றில் கை வைத்தால் அரைப் பங்கு. அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. அகதிப் பொடியனுக்கும் அந்தச் சட்டம் செல்லும் என்று அன்று தெரிந்தது. நான் கை வைத்தபடி கயிற்றோடு பின்னால் நடந்தேன். அந்த நேரம் பார்த்துப் பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். ஊசி வேலைகளைப் பார்க்கும் சுகாதாரப் பரிசோதகர் அவர், சிங்களவர் என்பதால் ஐயா என்பதற்குப் பதில் மாத்தயா, வயது என்னுடையதுதான் இருக்கும். என் கதையை எங்கோ கேட்டிருக்கிறார். ஒரு படம் எடுத்தார். நான் சிரித்தேன். அதுதான் பிழை.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. நடுவில் திரை கட்டி, அந்தப் பக்கம் தாய்மார்களும் பெண் பிள்ளைகளும். இந்தப் பக்கம் ஆண்கள். பி.எச்.ஐ. மாத்தயா தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார்.

"இந்தத் தம்பிக்கு ஊசி போட்டு நெஞ்சு வருத்தம் வந்தது. உண்மை. நான் மறைக்க இல்ல. இப்ப பாருங்க, வலை இழுக்கிறார். நல்ல சுகம்."

தொலைபேசி கை மாறி மாறிச் சம்மாட்டி ஹனீபாவிடம் வந்தது. அவர் அதைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"மாத்தயா, இது என்ட வலை. என்ட கயிறு. இவர் இழுக்கல்ல."

"கை வச்சிருக்கிறார்தானே?"

"கை மட்டுந்தான் வச்சிருக்கிறார். குதிக்கால பாருங்க. இழுக்கிறவன்ட குதிக்கால் மண்ணுக்குள்ள போகும். இவர் கலியாண வீட்டுல சோறு வரும் வரைக்கும் நிக்கிற மாதிரி நிக்கிறார்."

மண்டபம் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். தொலைபேசிக் கடை வைத்திருக்கும் நஸீர் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் போடக் கூடாது என்பவர்களுக்கு அவர்தான் முன்னால் நின்றார். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது என்ற வீடியோவை ஊர் முழுக்க அனுப்பியவரும் அவர்தான்.

"அப்ப பொய்ப் படம் காட்டித்தான் எங்கட புள்ளைகளுக்குக் குத்தப் போறீங்க?"

"போன வருசம் எங்கட மய்யித்த எரிக்கச் சொன்னதும் சுகாதாரக்காரங்கதான்" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கொரோனாவில் மௌத்தானவர்களைப் புதைக்க விடாமல் எரித்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பி.எச்.ஐ. மாத்தயா தரையைப் பார்த்தார். அவர் எரித்தவர் அல்ல. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் நிற்க முடியாது.

விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் என்னை எழும்பச் சொன்னார். "நீங்களே உள்ளதைச் சொல்லுங்க தம்பி" என்றார். நான் உள்ளதைச் சொன்னேன். முதலில் பிகாஷ், பிறகு என் நெஞ்சு, பிறகு டொக்டர் சொன்னது. சொல்லி முடிய ஆசிரியர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா, ஊசி இல்லாதவர் மௌத்து. போட்டவர் உங்களுக்கு முன்னால நிற்கிறார்." நஸீரும் திரும்பினார். "கேட்டீங்களா, வருத்தம் வந்தது ஊசியாலதான். அவரே சொல்றார்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதில் ஆளுக்குப் பாதியை எடுத்துக்கொண்டார்கள். மீதி என்னிடமே இருந்தது. அப்போது யாரோ பகிடியாக, "இப்ப கடலுக்குப் போய் ஒருக்கா இழுத்துக் காட்டட்டுமே" என்றார்கள். பகிடிதான். ஆனால் நாலைந்து பேர் எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டார்கள். நான் வாசலால் வெளியே வந்தேன்.

பெரிய வீதியில் ஏறி, மின்சாரக் காற்றாடிகளைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பின்னால் சைக்கிள் சத்தம். சப்னா. எதிர்க்காற்றில் மிதித்து வந்ததில் நெஞ்சு விசிலடித்தது. சைக்கிளை மதகில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து முட்டுக்கு அடிக்கும் மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தாள். மூச்சு வரும் வரை கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னாள்.

"உம்மாக்குத் தெரியுமா நீ வந்தது?"

"உம்மா கையொப்பம் வைக்க மாட்டாவாம். கடதாசிய அரிசி வாளிக்குள்ள போட்டு மூடிட்டா." இன்னொரு மூச்சு எடுத்தாள். "ஊசி எங்களுக்கு. எங்களத் தவிர எல்லாரும் கதைச்சிட்டாங்க."

"நீ கதைச்சிருக்கலாமே."

"திரைக்குப் பின்னால இருந்தா? மாமா, ஒண்டு கேக்கிறன். பத்துக்கு எத்தனை?"

தாதியின் கதையை வீட்டில் பகிடியாகச் சொல்லியிருந்தேன். நாலு என்றேன்.

"அது தாதிக்குச் சொன்னது. எனக்குச் சொல்லுங்க."

"எட்டு."

"எத்தனை நாள்?"

"எட்டு ஒரு ராத்திரி. பிறகு மூணு, ரெண்டு. ரெண்டு கிழமையில ஒண்டுமில்ல."

"இப்ப?"

"வேகமா நடந்தா ஒருக்கா நினைவு வரும். அது நெஞ்சா, பயமா எண்டு தெரியாது."

இப்படி ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு என் நெஞ்சு தேவைப்பட்டது, அது எவ்வளவு வலித்தது என்பது தேவைப்படவில்லை. சப்னா சைக்கிள் மணியை விரலால் தட்டிக்கொண்டு யோசித்தாள்.

"நான் புத்தளத்துல கிடந்தது பத்துக்குப் பத்து, மாமா. அது வெறும் முட்டு. கொரோனாவும் வந்தா என்னட்டப் புள்ளி இல்ல."

டொக்டர் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். எனக்கு வந்தது பெண் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாம், ஆனால் இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை என்றேன். நான் ஒன்பதாம் ஆண்டு படித்தவன், இதை வைத்து முடிவெடுக்காதே என்றும் சொன்னேன்.

"போடு எண்டும் சொல்றீங்க இல்ல. போடாத எண்டும் சொல்றீங்க இல்ல."

"ஓம்."

"நீங்க பையோட போயிட்டா மூணாம் நாள் என்னை ஆரு பார்க்கிறது? உம்மாவை விட்டா நான் தும்மினாலே ஜனாஸாவுக்கு ஆள் கூப்பிடுவா."

பஸ் வந்து நின்றது. நடத்துனர் "பாலாவி, புத்தளம்" என்றார். சப்னா என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். ஏறவில்லை என்றேன். "ஏறாட்டி மதகுக்கு உள்ளுக்கு நில்லுங்க நானா, எங்களையும் நிப்பாட்டாம" என்று சொல்லிவிட்டு அவர் கம்பியில் தட்டினார். திரும்பும்போது சைக்கிளை நான் உருட்டினேன். அவள் நடந்தாள். காற்று இப்போது முதுகில் இருந்தது.

வீட்டில் ராத்தா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மச்சானுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். ஒன்ட தம்பிட்டக் கேளு எண்டுட்டு வைச்சிட்டார். நீ பையைத் தூக்கிக்கொண்டு போற. நான் ஆர்ட்டக் கேக்கிறது? குத்தி இவளுக்கு ஒண்டு நடந்தா என்ட கையொப்பம். குத்தாம ஒண்டு நடந்தா அதுவும் என்ட கையொப்பம் இல்லாததால. சொல்லு, போடவா, வேணாமா?"

கூட்டத்தில் பாதி பாதியாகப் போனதை அங்கே முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. "எல்லாப் பிள்ளையையும் எனக்குத் தெரியாது, ராத்தா. இவளுக்கு முட்டு இருக்கு. நான் இவளா இருந்தாப் போடுவேன். போட்டிட்டு ஒரு கிழமை சைக்கிள் மிதிக்க மாட்டேன். மூணாம் நாள் ஒரு ஆளைப் பக்கத்தில வச்சிருப்பேன்."

"எந்த ஆளை?"

"என்னை."

ராத்தா சுளகை வைத்துவிட்டு அரிசி வாளியைத் திறந்தார். கையை உள்ளே விட்டுத் துழாவி, கடதாசியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டித் திரும்ப வாளியில் போட்டார். கையொப்பம் வைக்கவில்லை. கடதாசியை அலுமாரிக்கு மேலே வைத்தார். அது வாளியைவிட முன்னேற்றம்தான்.

காலையில் நான் முதல் ஆளாகப் பாடசாலைக்குப் போனேன். பி.எச்.ஐ. மாத்தயா கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தொலைபேசியை எடுத்து, அந்தப் படத்தை என் கண்முன்னே அழித்தார்.

"தம்பி, நான் கண்டிப் பக்கம். கடல் பழக்கம் இல்ல. கயிற்றில் கை இருந்தா இழுக்கிறது எண்டு நினைச்சேன். சமாவெண்ட, மன்னிக்கணும்."

"பரவாயில்ல மாத்தயா. இந்தக் கதிரையில பிள்ளைகள் எவ்வளவு நேரம் இருக்கும்?"

"பதினஞ்சு நிமிசம்."

"எனக்கு வந்தது மூணாம் நாள்."

அவர் கதிரையைக் கீழே வைத்தார். "தெரியும். வீடு வீடாப் போக என்னட்ட ஆள் இல்ல."

"பாரம் தூக்க ஏலாது. நடப்பேன்."

அவர் மேசையிலிருந்து ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துத் தந்தார். ஊசி போடும் பிள்ளைகளின் பெயரை அதில் எழுத வேண்டும். கதிரையில் இருக்கும் நேரம் பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய் நெஞ்சு எப்படி என்று கேட்டு, ஏதாவது இருந்தால் உடனே அவருக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. பாடசாலை வாசல் படலையில் நஸீர் வந்து நின்றார். வருகிற பிள்ளைகளை எண்ணத்தான் வந்திருப்பார். என் கையில் கொப்பியைக் கண்டு கிட்ட வந்தார்.

"உள்ளத எழுதுவியா, மாத்தயா சொல்றத எழுதுவியா?"

"எட்டு எண்டா எட்டு எண்டு எழுதுவேன்."

"பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பப் படலைக்குப் போனார்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு மூன்று பேர் வந்தார்கள். அதில் முதல் ஆள் சப்னா. பின்னால் ராத்தா, கடதாசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கையொப்பம் இருந்தது. மை இன்னும் காயவில்லை, வழியில் யாருடைய முதுகிலோ வைத்து எழுதியிருக்க வேண்டும். ராத்தா நான் இருக்கிற இடத்தையும் வாசலையும் மட்டும் பார்த்துக்கொண்டார். சப்னா உள்ளே போய் வந்து முதல் கதிரையில் இருந்தாள். அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தேன். நாடி பார்க்க எனக்குத் தெரியாது. சும்மா வைத்தேன்.

"பத்துக்கு எத்தனை?"

"கை ரெண்டு. நெஞ்சு பூச்சியம்."

எழுதினேன். பி.எச்.ஐ. மாத்தயா அவளுடைய முகவரியை ராத்தாவின் அடையாள அட்டையைப் பார்த்துத் தானே என் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்து அதை வாசித்தார். மன்னார். நான் இன்னும் ஒரு ராத்திரிகூடப் படுத்திராத ஊர்.

"தம்பி, மூணாம் நாள் முதல் வீடே மன்னார் போக வேணுமே?"

"இல்ல மாத்தயா. இந்த மதிலுக்குப் பின்னால, ரெண்டாவது வீடு."

அவர் அதை வெட்டுவதற்குப் பேனாவை எடுத்தார். வேண்டாம் என்றேன். மன்னாரை அப்படியே விட்டு, அதற்குக் கீழே இருந்த சின்ன இடத்தில் பென்சிலால் ஆலங்குடா என்று எழுதினேன். அடுத்த பிள்ளை வந்து கதிரையில் இருந்தது. நெஞ்சு எப்படி என்று கேட்டேன்.